ஹெடி டாப்பர் குடித்தவர்கள் வாங்க: கலங்கல் முக்கியமா, கசப்பு முக்கியமா?

வேப்பம்பூ எழுதியது:

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஸ்டோவ் என்ற ஊரில் இருக்கிறது ஆல்கெமிஸ்ட் பீர் ஆலை. அங்கேயே வாங்கி, வழியெல்லாம் ஐஸ்பெட்டியில் வந்த ஹெடி டாப்பர் என்ற பீர் இப்போது என் வீட்டு ஃப்ரிட்ஜில் இருக்கிறது. கேன் அடியில் அச்சிட்ட தேதிப்படி மாசம் ஒன்று ஆகவில்லை. இந்த பீரைப் பற்றித் தமிழில் நிதானமாக யாரும் எழுதி நான் படித்ததில்லை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டபுள் ஐபிஏ வகை. கசப்பும் வாசனையும் தருகிற ஹாப்ஸ் என்ற கொடிப்பூவைத் தூக்கலாகப் போட்டுக் காய்ச்சுவது ஐபிஏ; அதன் பலம் கூடிய வடிவம் டபுள். 8 சதவீத ஆல்கஹால். 473 மில்லி கேன். கேனிலிருந்தே குடிக்கச் சொல்லி மேலேயே அச்சடித்திருப்பார்கள். நான் பாதியைக் கேனில் விட்டுவிட்டு மீதியை டூலிப் கிளாஸில் ஊற்றினேன். நிறம், ஆரஞ்சு ஓடிய மஞ்சள். கலங்கல்தான், ஆனால் இப்போது கடைகளில் பார்க்கிற ஹேஸி, அதாவது கலங்கலான, ஐபிஏக்கள் மாதிரி மாம்பழக்கூழ் நிறத்தில் திட்டாக இல்லை. விளக்குக்கு நேராகப் பிடித்தால் வெளிச்சம் உள்ளே புகுகிறது, பின்னால் வைத்த விரல் மட்டும் தெரியவில்லை. நுரை வெள்ளை. குடிக்கக் குடிக்கக் கிளாஸ் ஓரத்தில் வளையம் வளையமாக ஒட்டிக்கொண்டே இறங்கியது.

மூக்கில் முதலில் ஏறியது பம்ப்ளிமாஸ் தோல். தோலைக் கிள்ளும்போது கண்ணில் தெறிக்குமே, அந்த எண்ணெய். அப்புறம் பைன் பிசின். அதற்கடியில் கனிந்த பீச். பத்து நிமிஷம் கழித்து, கிளாஸ் கொஞ்சம் சூடேறியதும், அன்னாசியும் மாங்காய்க் காம்பு ஒடித்த வாசனையும் வந்தன. மாங்காய் வாசனை கற்பனை இல்லை: ஹாப்ஸில் அதிகமாக உள்ள மிர்சீன் என்ற எண்ணெய்ப் பொருள் மாங்காயிலும் உண்டு.

வாயில் வைத்தவுடன் மென்மை. ஒரு நொடி லேசான இனிப்பு. பிறகு நடு நாக்கிலிருந்து கசப்பு எழுந்து, விழுங்கிய பிறகும் நிற்கிறது. ஈறில் கொஞ்சம் துவர்ப்பு. 8 சதவீதம் என்று தெரியாமல் கொடுத்தால் ஆறு என்றுதான் சொல்லியிருப்பேன். கடைசிக் கால்வாசி குடிக்கும்போதுதான் தொண்டையில் சூடு தெரிந்தது.

நான் சொல்ல வருவது இதுதான். ஹேஸி ஐபிஏ என்ற வகைக்கே இந்த பீர்தான் தாய் என்கிறார்கள். ஆனால் பிள்ளைகள் தாயிடமிருந்து கலங்கலை எடுத்துக்கொண்டு கசப்பை விட்டுவிட்டார்கள். இன்று வருகிற டபுள் ஹேஸிகளில் பாதி, இனிப்பான பழ வாசனைத் தண்ணீர். ஒரு கேன் முடிக்கும் முன்னே திகட்டுகிறது. ஹெடி டாப்பர் திகட்டவில்லை. காரணம் அந்தக் கசப்புதான். கலங்கல் அதற்குப் பக்க விளைவு. மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

யாழ்த்தம்பி எழுதியது:

அண்ணை, வாசிச்சு முடிச்சன். நல்ல விவரமா எழுதியிருக்கிறியள். ஆனா முடிவோட எனக்கு உடன்பாடு இல்லை.

நான் இருக்கிறது ரொறன்ரோ. இங்க பெல்வுட்ஸ் எண்ட ஆலைக்காரர் செய்யிற ஜுட்சு எண்டு ஒரு கலங்கல் பேல் ஏல் (ஐபிஏயை விட லேசான வகை) இருக்கு. கசப்பு நல்லாக் குறைவு. மூக்கில வைச்சா கொடித்தோடை (பாஷன் ஃப்ரூட்), கொய்யா. எனக்கு அதுதான் இந்த உலகத்துக்குள்ள வாற வாசலே. அதுக்கு முதல் ஐபிஏ எண்டாலே கசப்புக் கஷாயம் எண்டு ஒதுக்கி வைச்சிருந்தனான். மசாச்சுசெட்ஸில ட்ரீ ஹவுஸ் செய்யிற ஜூலியஸும் குடிச்சிருக்கிறன், 6.8 சதவீதம். அதில கசப்பு பின்னுக்கு நிக்கும், தோடம்பழமும் மாம்பழமும் முன்னுக்கு வரும். ஆனா திகட்டேல்லை.

கசப்பைக் குறைச்சது தவறு எண்டு ஏன் சொல்லுறியள்? ஹாப்ஸைக் கொதிநீரில போட்டாக் கசப்பு, ஆறினாப்பிறகு போட்டா வாசம். வாசத்துக்காக மட்டும் ஒராள் ஹாப்ஸ் போட்டால் அது ஒரு தெரிவு. குறை எண்டு சொல்லேலாது.

திருவல்லிக்கேணி எழுதியது:

அண்ணா, அடிப்படைக் கேள்வி ஒன்று. 8% என்றால் நம்ம ஊர் ஸ்ட்ராங் பீர் அளவுதானே? அதில் ஒரு பெரிய பாட்டிலே சாதாரணமாகக் குடிக்கிறார்கள். இதை மட்டும் ஏன் இவ்வளவு பயபக்தியோடு கிளாஸில் ஊற்றி மோந்து பார்க்க வேண்டும்? கிண்டல் இல்லை, உண்மையாகவே புரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

வேப்பம்பூ எழுதியது:

@திருவல்லிக்கேணி, நல்ல கேள்வி தம்பி. இந்திய விதிப்படி 5 சதவீதத்துக்கு மேல் 8 வரை போனால் அது ஸ்ட்ராங். ஆக லேபிளில் இருக்கிற எண் ஒன்றேதான். உள்ளே இருப்பது வேறு. நம்ம ஊர் ஸ்ட்ராங் பெரும்பாலும் லாகர், குளிரில் நொதிக்கவைக்கிற வகை. மால்ட்டோடு (முளைகட்டி உலர்த்திய பார்லி) அரிசி, சர்க்கரை மாதிரியான மலிவுச் சரக்கும் சேரும். சர்க்கரையை ஈஸ்ட் முழுசாகத் தின்றுவிடும், ஆல்கஹால் ஏறும், உடம்பு, அதாவது வாயில் உணரும் கனம், ஏறாது. ஹாப்ஸ் பேருக்குத்தான். அதனால் சில்லென்று இருக்கும்போதே வேகமாக உள்ளே தள்ள வேண்டியிருக்கிறது, சூடேறினால் ஸ்பிரிட் வாடை வரும். டபுள் ஐபிஏவில் ஆல்கஹாலைச் சுமக்க மால்ட்டும் இருக்கிறது, எதிர்த்து நிற்க ஹாப்ஸும் இருக்கிறது. சூடேற ஏற அது திறக்கும்.

அளவு பற்றியும் சொல்லிவிடுகிறேன். 473 மில்லியில் 8 சதவீதம் என்றால் கிட்டத்தட்ட 38 மில்லி சுத்த ஆல்கஹால், எடையில் 30 கிராம். அமெரிக்கக் கணக்கில் ஒரு டிரிங்க் என்பது 14 கிராம். ஆக ஒரே கேன் இரண்டு டிரிங்குக்கு மேல். ஸ்ட்ராங் அல்லாத சாதாரண 5 சதவீத 650 மில்லி பாட்டிலில் இருப்பது சுமார் 26 கிராம்தான். கேன் சிறிசாகத் தெரிகிறதே என்று நம்பக்கூடாது. வாசனை இனிமையாக இருப்பதால் வேகம் தெரியாமல் இறங்கிவிடும். ஒரு கேனை இரண்டு பேர் பகிர்ந்து குடிப்பதுதான் என் வழக்கம். அன்றைக்கு வண்டிச் சாவியைத் தொடுவதில்லை.

@யாழ்த்தம்பி, ஜூலியஸ் 6.8. அந்தப் பலத்தில் கசப்பு குறைந்தாலும் தாங்கும். 8க்கு மேல் போகும்போது மால்ட்டின் இனிப்பும் ஆல்கஹாலின் இனிப்பும் சேர்ந்து வருகின்றன. அதை வெட்ட ஒன்று வேண்டாமா? என் குறை டபுள்களைப் பற்றித்தான்.

கொதிகலன் எழுதியது:

வணக்கம். பெங்களூரில் ஒரு ப்ரூபப்பில், அதாவது அங்கேயே காய்ச்சி விற்கும் பப்பில், பீர் காய்ச்சுவது என் வேலை. கடை பெயர் வேண்டாம். இந்த வகையை நானும் காய்ச்சுகிறேன், அதனால் உள்ளே நடப்பதைக் கொஞ்சம் சொல்கிறேன்.

கலங்கல் எங்கிருந்து வருகிறது? நிறையப் பேர் ஈஸ்ட் என்று நினைக்கிறார்கள். நன்றாகச் செய்த ஹேஸியில் ஈஸ்ட் பெரும்பாலும் அடியில் படிந்துவிடும். மிதப்பது, தானியத்துப் புரதமும் ஹாப்ஸின் பாலிஃபீனால் என்ற துவர்ப்புப் பொருளும் கைகோத்த துகள்கள். ஓட்ஸும் கோதுமையும் சேர்ப்பது இந்தப் புரதத்துக்காகவும் வாயில் வழுவழுப்புக்காகவும்தான். ஈஸ்ட்டே மிதந்தால் நாக்கில் மாவு ஒட்டும், தொண்டையில் கரகரக்கும். அப்படி ஒன்று கிடைத்தால் அது அவசரத்தில் டேங்கிலிருந்து இறக்கிய சரக்கு என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது தண்ணீர். பழைய ஐபிஏவின் கூர்மைக்கு இங்கிலாந்தின் பர்ட்டன் ஊர்க் கிணற்றுத் தண்ணீரில் இருந்த ஜிப்சம், அதாவது சல்ஃபேட், ஒரு காரணம். ஹேஸியில் அதைத் திருப்பிப் போடுகிறோம்: குளோரைடு கூட, சல்ஃபேட் குறைவு. வாய் உருண்டையாக உணரும், கசப்பின் முனை மழுங்கும். ஆக @வேப்பம்பூ சொல்கிற "கசப்பை விட்டுவிட்டார்கள்" என்பதில் ஹாப்ஸ் அளவு மட்டும் இல்லை, உப்பும் சேர்ந்திருக்கிறது.

இன்னொன்று. @யாழ்த்தம்பி, ஆறின பிறகு போட்டால் வாசனை மட்டும்தான் என்பது முக்கால் உண்மை. கொதியில் ஹாப்ஸின் ஆல்ஃபா அமிலம் உருமாறினால்தான் முழுக் கசப்பு கிடைக்கும், சரி. ஆனால் உலர்ந்த ஹாப்ஸில் ஆக்சிஜன் பட்டு ஏற்கனவே உண்டான ஹியூமுலினோன் என்று ஒன்று இருக்கிறது. அது குளிர்ந்த பீரிலும் கரையும், கொதிக்க வைத்துக் கிடைக்கும் கசப்பில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு கசக்கும். கொட்டிக் கொட்டி டிரை ஹாப் (ஆறின பீரில் ஹாப்ஸ் சேர்ப்பது) போட்ட பீரில் கொதிக்கசப்பே இல்லாவிட்டாலும் ஒரு கசப்பு இருக்கும். அது இலைக் கசப்பு. அந்தக் கரகரப்பைத்தான் நிறையப் பேர் தொண்டை எரிச்சல் என்று சொல்கிறார்கள்.

யாழ்த்தம்பி எழுதியது:

@கொதிகலன் அண்ணை, இது எனக்குப் புதுசு. நன்றி. அப்ப எவ்வளவு ஹாப்ஸ் போட்டாக் காணும்? சில கேன்களில மூண்டு தரம் டிரை ஹாப், நாலு தரம் டிரை ஹாப் எண்டு பெருமையா அடிச்சிருக்கினம். கூடப் போடப் போட நல்லதா?

கொதிகலன் எழுதியது:

இல்லை. ஒரேகான் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கேஸ்கேட் ஹாப்ஸை வைத்துச் சோதித்துப் பார்த்தார்கள், 2018இல் வெளிவந்தது. லிட்டருக்கு 8 கிராம் வரை எலுமிச்சை, ஆரஞ்சு வகை வாசனை ஏறியது. அதற்கு மேல் போட்டால் அது அவ்வளவாகக் கூடவில்லை. கூடியது மூலிகை, தேயிலை வாசனை. அது ஒரு ரக ஹாப்ஸில், ஒரு முறையில் செய்தது, எல்லாவற்றுக்கும் சட்டம் என்று எடுக்கக்கூடாது. ஆனாலும் என் டேங்கில் நான் பார்ப்பதும் அதேதான். லிட்டருக்கு 15, 20 கிராம் கொட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஹாப்ஸ் பீரைக் குடித்துவிடும், அவ்வளவு பீர் டேங்க் அடியில் சகதியோடு போய்விடும். கேன் விலையில் அதுவும் சேர்ந்திருக்கிறது.

ஈஸ்ட் உயிரோடு வேலை செய்யும்போதே போடுவது வேறு கதை. ஹாப்ஸில் உள்ள ஜெரானியோல் என்ற ரோஜா வாசனைப் பொருளை ஈஸ்ட் சிட்ரோனெல்லோலாக மாற்றுகிறது. ஜப்பானில் சப்போரோ நிறுவனத்து ஆய்வாளர்கள் இதை விரிவாக எழுதியிருக்கிறார்கள். ரோஜா போய் எலுமிச்சைப் பக்கம் சாயும். பையில் மோந்தால் ஒரு வாசனை, டேங்கிலிருந்து வந்தால் இன்னொரு வாசனை என்பதற்கு இது ஒரு காரணம்.

இதிலும் ஆபத்து உண்டு. ஹாப்ஸிலேயே மாவுப்பொருளை உடைக்கும் நொதிகள் இருக்கின்றன. அடங்கிப்போன பீரில் மீதி இருந்த சர்க்கரையை அவை உடைத்துக்கொடுக்க, ஈஸ்ட் மறுபடி விழித்துக்கொள்ளும். ஆல்கஹால் ஏறும், வெண்ணெய் வாடை வரும், கேன் உப்பும். இங்கிலாந்தில் 1893லேயே இதைக் கண்டு எழுதி வைத்திருக்கிறார்கள், பிறகு எல்லோரும் மறந்துவிட்டு இந்த ஹேஸி அலையில் திரும்பக் கண்டுபிடித்தோம். ஒரு ஹேஸியில் பாப்கார்ன் வெண்ணெய் மணந்தால் காய்ச்சியவர் காத்திருக்கவில்லை என்று அர்த்தம்.

மதுரைக்காரி எழுதியது:

லண்டனிலிருந்து. கடையில் பீர் தேர்ந்தெடுத்து வாங்குவது என் பிழைப்பில் ஒரு பகுதி, அதனால் இந்த விவாதத்தை விடமுடியவில்லை.

@வேப்பம்பூ, கேனா கிளாஸா என்ற விஷயத்தை நீங்கள் தாண்டிப் போய்விட்டீர்கள். எனக்கு அது முக்கியம். ஆல்கெமிஸ்ட்காரர்கள் கேனிலேயே குடிக்கச் சொல்வதற்குக் காரணம், ஊற்றினால் வாசனை எண்ணெயும் வாயுவும் பறந்துவிடும் என்பது. ஒரு பக்கம் நியாயம். ஆனால் மூக்கைக் கேன் ஓட்டைக்குள் விட முடியாது. நாக்கு சொல்வது கசப்பு, இனிப்பு, புளிப்பு. பம்ப்ளிமாஸ், பீச், பைன் எல்லாம் மூக்கு சொல்வது. கேனில் குடிக்கும்போது விழுங்கிய பிறகு தொண்டை வழியாக மூக்குக்கு ஏறும் வாசனைதான் கிடைக்கும். அதனால் கேனில் கசப்பு பெரிதாகவும் பழம் சிறிதாகவும் தெரியும். நீங்கள் பாதி கேனில் குடித்ததாகச் சொல்கிறீர்கள். உங்கள் "கசப்புதான் தூக்கி நிறுத்துகிறது" என்ற தீர்ப்பு எந்தப் பாதியிலிருந்து வந்தது?

குளிரும் முக்கியம். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் 4 டிகிரி இருக்கும். அப்போது மூக்கு செத்திருக்கும், கசப்பு கூர்மையாக இருக்கும். 8லிருந்து 12 டிகிரிக்குள் இந்த பீர் முழுசாகப் பேசும். 15ஐத் தாண்டினால் ஆல்கஹால் முன்னே வந்துவிடும்.

இங்கே பிரிட்டனில் மான்செஸ்டரின் கிளவுட்வாட்டர் 2015 கடைசியில் தொடங்கி டபுள் ஐபிஏக்களை வரிசை எண் போட்டு வெளியிட்டது. ஒவ்வொன்றிலும் ஈஸ்ட், ஹாப்ஸ் போடும் நேரம் என்று ஏதாவது மாறும். அந்த வரிசையில் போகப் போகக் கசப்பு தணிந்ததை நான் என் நாக்கிலேயே பார்த்தேன். கார்ன்வாலில் வெர்டன்ட் இருக்கிறது. அவர்களுடைய ஈஸ்ட்டை லாலெமான்ட் நிறுவனம் உலர்த்திப் பொட்டலம் போட்டு விற்கிறது, இன்று உலகம் முழுக்க வீட்டில் காய்ச்சுகிறவர்கள் கையில் அது இருக்கிறது. ஆப்ரிகாட் வாசனை தரும், மென்மையாக விடும். இவர்கள் யாரும் கசப்பு தெரியாதவர்கள் இல்லை. வேண்டுமென்றே தணித்தார்கள்.

வேப்பம்பூ எழுதியது:

@மதுரைக்காரி, கேள்வி நேராக வந்து நிற்கிறது. சொல்கிறேன். கிளாஸ் பாதியில் பழம் அதிகம், உண்மை. ஆனால் திகட்டவில்லை என்று எழுதியது கிளாஸ் பாதியைப் பற்றித்தான், அதுவும் 12 டிகிரி அளவில், கடைசிச் சொட்டில். அந்தச் சூட்டில் மற்ற டபுள் ஹேஸிகள் பாகாக மாறும். இது மாறவில்லை. என் தீர்ப்பில் நிற்கிறேன்.

இந்த பீர் எந்தக் கையிலிருந்து வந்தது என்று தெரிந்தால் நான் சொல்வது இன்னும் விளங்கும். வெர்மான்டில் பர்லிங்டன் ஊரில் கிரெக் நூனன் என்ற காய்ச்சுநர் இருந்தார். பப்பிலேயே காய்ச்சி விற்க அந்த மாநிலச் சட்டம் இடம் கொடுக்காத காலத்தில், அதை மாற்றப் பாடுபட்டு, 1988இல் வெர்மான்ட் பப் அண்ட் ப்ரூவரியைத் திறந்தார். அங்கே அவரிடம் வேலை கற்றவர் ஜான் கிம்மிக். பின்னாளில் கிம்மிக்கும் மனைவி ஜென்னும் 2003இல் வாட்டர்பரி ஊரில் ஆல்கெமிஸ்ட் பப்பைத் தொடங்கியபோது நூனனிடமிருந்து வந்த ஈஸ்ட்தான் கூடப் போனது. கோனன் என்று இன்று எல்லோரும் சொல்கிற ஈஸ்ட் அதுதான். பீச்சும் ஆப்ரிகாட்டும் அதன் கையெழுத்து. நான் கிளாஸில் மோந்த பீச்சுக்கு ஹாப்ஸைவிட அதுதான் பொறுப்பு என்று நினைக்கிறேன். நூனன் 2009இல் காலமானார்.

2011 ஆகஸ்ட் 28 அன்று ஐரீன் புயல் வெர்மான்டைத் தாக்கியது. ஆறு பெருகி வாட்டர்பரிக்குள் புகுந்தது, பப் மூழ்கி நாசமானது. அதே ஊரில் கொஞ்சம் தள்ளி, கேனில் அடைக்க ஒரு சின்ன ஆலையை அவர்கள் தயார் செய்து வைத்திருந்தார்கள். அது தப்பியது. வெள்ளம் வடிந்த சில நாட்களுக்குள் ஹெடி டாப்பர் கேனில் வெளிவர ஆரம்பித்தது. அதுவரை அந்தப் பப்புக்குப் போனவர்கள் மட்டுமே குடித்த பீர். அதற்கப்புறம் கூட்டம் தாங்காமல், போக்குவரத்து நெரிசலால் 2013இல் ஆலையின் சில்லறைக் கடையையே மூட வேண்டி வந்தது. 2016இல் ஸ்டோவில் பார்வையாளர்களுக்கென்று புது ஆலை திறந்தார்கள்.

இதை எழுதக் காரணம் உண்டு. அந்தப் பப்பில் கலங்கலுக்காக யாரும் கலக்கவில்லை. வடிகட்டினால் ஹாப்ஸ் எண்ணெயும் சேர்ந்து போய்விடும் என்று வடிகட்டாமல் விட்டார்கள். கலங்கல் தானாக வந்தது. பின்னால் வந்த பலர் முதலில் கலங்கலை முடிவு செய்துவிட்டு மற்றதை அதற்கேற்ப அமைக்கிறார்கள். வேலையின் வரிசையே தலைகீழ்.

யாழ்த்தம்பி எழுதியது:

அண்ணை, ஐரீன் புயல் கதை எனக்குத் தெரியாது. வாசிக்க மனசு கனத்துப் போச்சு. பப் போன கையோட அடுத்த வேலையைத் தொடங்கியிருக்கினம்.

ஆனா தாய் செய்தது போலத்தான் பிள்ளையும் செய்யோணும் எண்டில்லை. 2018இல அமெரிக்கக் காய்ச்சுநர் சங்கம் ஜூஸி அல்லது ஹேஸி எண்டு தனி வகையாவே எழுதிச் சேர்த்தது. பேல் ஏல், ஐபிஏ, டபுள் ஐபிஏ, மூண்டுக்கும் தனித்தனி. அந்த வருசமே அவையின்ர பெரிய போட்டியில ஆகக்கூடின பீர் வந்து சேர்ந்தது ஹேஸி ஐபிஏ பிரிவிலதான். தனி வகை எண்டு ஆனாப்பிறகு அதுக்கு அதின்ர அளவுகோல். ஹெடி டாப்பரை வைச்சு எல்லாத்தையும் அளக்கிறது நியாயமில்லை.

இன்னொரு விசயம். இப்ப வாற ஹாப்ஸ் வேற. சிட்ரா, மொசெய்க், அவுஸ்திரேலியாவின்ர கேலக்ஸி, நியூசிலாந்தின்ர நெல்சன் சோவின். இதுகளில கொடித்தோடை, கொய்யா வாசம் இயற்கையாவே தூக்கலா நிக்குது. அந்த வாசத்தைக் கசப்பு மறைக்கக்கூடாது எண்டு நினைக்கிறது பிழையோ?

கொதிகலன் எழுதியது:

@யாழ்த்தம்பி சொல்வதில் வலு இருக்கிறது. அந்த வாசனைகளுக்குக் காரணம் தயோல் என்ற கந்தகச் சேர்மங்கள், மிக மிகச் சிறிய அளவிலேயே மூக்குக்குத் தெரியும். சிம்கோ, சிட்ரா இரண்டிலும் பிளாக்கரன்ட் செடியின் இலை வாசனை தருகிற தயோல் இருக்கிறது. சிலருக்கு அதுவே பூனை மூத்திர வாடையாகத் தெரியும், அவர்கள் மூக்கில் குறை இல்லை. ஹெடி டாப்பரில் போடும் ஹாப்ஸ் பட்டியலை ஆலை வெளியிட்டதில்லை. ஆனால் வேப்பம்பூ எழுதிய பைனும் பம்ப்ளிமாஸும் அமெரிக்கப் பழைய பாணி ஹாப்ஸின் முகம். அந்த ஹாப்ஸுக்குக் கசப்பு பொருந்தும். கேலக்ஸிக்கு அவ்வளவு கசப்பு வைத்தால் எனக்கு ஒத்துவரவில்லை. ஒவ்வொரு ஹாப்ஸும் எவ்வளவு கசப்பைத் தாங்கும் என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

திருவல்லிக்கேணி எழுதியது:

இவ்வளவு படித்த பிறகு, பெங்களூர் போனபோது ஒரு பப்பில் ஹேஸி ஐபிஏ கேட்டு வாங்கினேன். கொண்டுவந்ததில் பழ வாசனையே இல்லை. நிறம் பழுப்பேறி, கொஞ்சம் சாம்பல் ஓடியிருந்தது. தேன் மாதிரியும் ஈர அட்டை மாதிரியும் ஒரு வாடை. இதுதான் அந்த வகையின் ருசியா, அல்லது எனக்குச் சரியாகப் பிடிபடவில்லையா?

கொதிகலன் எழுதியது:

தம்பி, உங்கள் மூக்கு சரியாக வேலை செய்திருக்கிறது. அது ஆக்சிஜன் பட்டுக் கெட்ட பீர். ஹேஸி அளவுக்கு ஆக்சிஜனுக்குப் பயப்படும் பீர் வேறில்லை. இவ்வளவு பாலிஃபீனாலும் ஹாப்ஸ் எண்ணெயும் மிதக்கும்போது, துளி காற்று போனாலும் எல்லாம் மாறும். முதலில் பழ வாசனை போகும், பிறகு நிறம் மங்கும், கடைசியில் சாம்பலும் ஊதாவும் கலந்த அழுக்கு நிறம். ஓட்ஸ், கோதுமையில் வரும் மாங்கனீஸ் இதை இன்னும் வேகப்படுத்தும். வெளியே வெயிலில் நின்ற பீப்பாயாகவோ, கார்பன் டை ஆக்சைடால் துடைக்காத டேங்கிலிருந்து மாற்றியதாகவோ இருக்கலாம்.

ப்ரூபப்பில் குடிக்கும்போது, ஊற்றுவதற்கு முன் இது எப்போது டேங்கில் ஏறியது என்று கேளுங்கள். எங்களைப் போன்றவர்களுக்குக் கோபம் வராது. அதைக் கேட்கிற வாடிக்கையாளரை நான் மதிக்கிறேன். நல்ல நாளில் டேங்கிலிருந்து நேராக வருகிற கிளாஸ், கப்பலேறி வந்த எந்தக் கேனையும்விட மேல்.

மதுரைக்காரி எழுதியது:

இதோடு சேர்த்து ஒன்று: கேன் வாங்கும்போது அடைத்த தேதி போடாத ஹேஸியை வாங்காதீர்கள். காலாவதித் தேதி மட்டும் போட்டிருந்தால் போதாது, அதை ஒரு வருஷம் தள்ளிக்கூடப் போடுவார்கள். நான் ஆறு வாரத்துக்கு மேற்பட்டதைக் கடையில் எடுப்பதில்லை. குளிரூட்டாத அலமாரியில் நின்றதையும் தொடுவதில்லை. வைத்து முதிரவிட இது ஒயின் இல்லை.

@வேப்பம்பூ, உங்கள் திகட்டல் பிரச்சினைக்கு இது ஒரு பகுதி விடையாக இருக்கலாம் என்று தோன்றுகிறது. ஹாப்ஸ் வாசனை போனால் அடியில் இருக்கும் மால்ட் இனிப்பு அம்பலமாகிவிடும். நீங்கள் குடித்த ஹெடி டாப்பர் ஆலையிலிருந்து வந்த புதுசு. பாகாகத் தெரிந்த மற்ற டபுள்கள் எத்தனை வாரம் ஆனவை?

வேப்பம்பூ எழுதியது:

சில புதுசு, சில பழசு. பழசானால் இன்னும் மோசம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆலை வாசலில் குடித்த புது டபுள்களும் எனக்குத் திகட்டியிருக்கின்றன. புதுமை ஒரு பங்குதான்.

எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு சாட்சி. கலிபோர்னியாவில் ரஷ்யன் ரிவர் ஆலையின் பிளைனி தி எல்டர், அதுவும் 8 சதவீத டபுள் ஐபிஏ. காய்ச்சுநர் வின்னி சிலுர்ஸோ. 1994இல் டெமக்யூலாவில் பிளைண்ட் பிக் ஆலையில் இருந்தபோதே டபுள் ஐபிஏ காய்ச்சியவர். பிளைனி 2000இலிருந்து வருகிறது. வறண்ட உடம்பு, தெளிந்த பொன் நிறம், பைன், கூர்மையான கசப்பு. கலங்கல் கிடையாது. அதைக் குடித்த அடுத்த நாள் ஹெடி டாப்பர் குடித்தால் இரண்டும் பங்காளிகள் என்பது தெரியும். ஒன்றுக்கு உடம்பு மெலிசு, மற்றதற்கு மென்மை கூட. ஹெடி டாப்பர் இன்றைய ஹேஸிகளைவிடப் பிளைனிக்குத்தான் நெருக்கம் என்று நான் சொன்னால் சண்டைக்கு வருவீர்களா?

மதுரைக்காரி எழுதியது:

சண்டை இல்லை. கசப்பில் நெருக்கம், சரி. வாயில் உணரும் கனத்தில் ஜூலியஸ் பக்கம்தான். இடையில் நிற்கிற பீர் அது. அதனால்தான் இரண்டு பக்கத்தவரும் தங்களுடையது என்று இழுக்கிறார்கள்.

திருவல்லிக்கேணி எழுதியது:

கூட என்ன சாப்பிடலாம் அக்கா? காரமாக ஏதாவது வைக்கலாமா?

மதுரைக்காரி எழுதியது:

மிளகாய்க் காரம் வேண்டாம். ஆல்கஹால் மிளகாயின் எரிச்சலைக் கூட்டும், எரிகிற நாக்கில் கசப்பும் கூர்மையாகும். செட்டிநாட்டுச் சிக்கனோடு 8 சதவீத ஐபிஏ குடித்தால் இரண்டும் கெடும். கொழுப்பும் உப்பும் உள்ளது நல்லது. வெர்மான்ட் செடார் சீஸுக்குப் பேர்போன ஊர், நன்றாக முதிர்ந்த செடாரோடு இந்த பீர் அருமையாகப் போகும். நம் பக்கம் என்றால் உப்பும் மிளகும் மட்டும் போட்டு வறுத்த வஞ்சிரம், எலுமிச்சை பிழிந்து. வறுத்த முந்திரியும் சரி.

யாழ்த்தம்பி எழுதியது:

அண்ணை, நீங்கள் எழுதினதுக்குப் பிறகு வெர்மான்டில இருக்கிற மச்சானைப் பிடிச்சு ஹெடி டாப்பர் எடுப்பிச்சன். இங்க இருக்கிற ஒரு புது டபுள் ஹேஸியையும் வாங்கி, ரெண்டையும் பக்கத்தில வைச்சுக் குடிச்சுப் பார்த்தன். ரெண்டும் ஒரு மாசத்துக்குள்ள அடைச்சது.

ஓம், ஹெடி டாப்பரில கசப்பு நிக்குது. முதல் வாயில எனக்குக் கூட எண்டு பட்டது. பாதிக்குப் பிறகு அதுதான் அடுத்த வாய்க்குக் கூப்பிட்டது. நீங்கள் சொன்னது விளங்குது. ஆனா வாசம் எண்டு பார்த்தா மற்றதுதான் என்னைப் பிடிச்சது. அந்தக் கொய்யா வாசம் அறை முழுக்க நிண்டது. ஒண்டை மட்டும் தெரிவு செய் எண்டால் முதல் கிளாஸுக்கு அது, ரெண்டாவதுக்கு ஹெடி டாப்பர். 8 சதவீதத்தில ரெண்டாவது கிளாஸ் நான் குடிக்கிறேல்லை எண்டதால என்ர வாக்கு மாறேல்லை.

ஒரு சந்தேகம் இருக்கு. கலங்கலைக் கண்ணால பார்த்த உடனேயே மூளை மென்மை, இனிப்பு எண்டு தீர்மானிச்சுப் போடுதோ? நிறம் தெரியாமக் குடிச்சா எங்கட தீர்ப்பு நிக்குமோ?

வேப்பம்பூ எழுதியது:

அதைச் சோதித்துப் பார்த்துவிடலாம். பிளைனி, ஹெடி டாப்பர், உங்கள் ஊர் டபுள் ஹேஸி, மூன்றையும் ஒரே சூட்டில், 10 டிகிரிக்குக் கொண்டுவந்து வையுங்கள். வீட்டில் வேறு யாராவது ஊற்றட்டும், அடியில் எண் ஒட்டட்டும். கிளாஸ் வேண்டாம், மூன்றும் ஒரே மாதிரி ஸ்டீல் டம்ளர். உள்ளே என்ன நிறம் என்று அதில் எளிதில் தெரியாது, விளக்கையும் தணித்துவிடுங்கள். டம்ளரைச் சோப்பு வாடை போகக் கழுவிக் காயவைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் நுரையும் நிற்காது வாசனையும் கெடும். ஆளுக்கு 60 மில்லி போதும். கசப்பு, மென்மை, திகட்டல், மூன்றுக்கும் தனித்தனியாக எழுதிவிட்டுத்தான் எண்ணைப் பார்க்க வேண்டும்.

@கொதிகலன், நீங்கள் உங்கள் டேங்க் சரக்கில் ஒன்றை வடிகட்டியும் ஒன்றை வடிகட்டாமலும் வைத்து இதையே செய்ய முடியுமா?

கொதிகலன் எழுதியது:

வடிகட்டும் இயந்திரம் எங்களிடம் இல்லை. ஆனால் ஒரு பீப்பாயில் மட்டும் சிலிக்கா தெளிவூட்டி போட்டு, குளிரில் ஒரு வாரம் வைத்தால் ஓரளவு தெளியும். அது புரதத்தை இழுத்துக்கொண்டு இறங்கும், கொஞ்சம் ஹாப்ஸ் எண்ணெயும் கூடவே போகும் என்பதால் முழு நியாயமான ஒப்பீடாக இருக்காது. அடுத்த முறை சிட்ரா காய்ச்சும்போது செய்து பார்த்து இங்கேயே எழுதுகிறேன். @திருவல்லிக்கேணி, அந்த வாரம் பெங்களூர் பக்கம் வந்தால் டம்ளரோடு வாங்க.